பல்லுக்கும் சுவருக்கும் நடுவே

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைச்சாலையில், மலேசியாவின் கேமரன் மலையில் முதல் ஊராக வருவது ரிங்லெட். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தின் சரிவுகள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. தேயிலைக்கும் காய்கறிக்கும் பேர்போன இந்த மலைக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: பழைய லேண்ட் ரோவர் வண்டிகள். கோஸ் மூட்டையும் உரமும் கொழுந்தும் ஆட்களுமாக, மண்பாதையில் உறுமிக்கொண்டு ஏறும் இந்த வண்டிகளில் பல, அவற்றை ஓட்டுகிறவர்களைவிட வயதில் மூத்தவை. நகரத்தில் என்றால் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இங்கே இன்னும் சம்பாதித்துக் கொடுக்கின்றன.

அந்த எஞ்சின்களை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. பானட்டைத் திறந்தால் அது கண்ணில் படாது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள், எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கூட்டுக்குள் இரண்டே இரண்டு பற்சக்கரங்கள். அதுதான் கியர் பம்ப்.

1958இல் வந்த லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிலும், 1961இல் வந்த அதே அளவு டீசல் எஞ்சினிலும் ஏற்பாடு ஒன்றுதான். கேம் ஷாஃப்டிலிருந்து சுழற்சி வாங்கும் செங்குத்துத் தண்டு ஒன்று எஞ்சினின் பக்கவாட்டில் நிற்கிறது. அதன் மேல்முனை பெட்ரோல் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும். டீசலில் இன்ஜெக்‌ஷன் பம்பைச் சுழற்றும். கீழ்முனை நேரே ஆயில் பம்புக்குள் இறங்கும். மேலே எரிப்பதற்கான நேரக்கணக்கு, கீழே தேய்மானத்திலிருந்து காப்பு, இரண்டுக்கும் ஒரே தண்டு. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது பம்ப் 1,000 சுற்று சுற்றும்.

பம்பைக் கழற்றி மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தால், எட்டு வடிவிலான குழிக்குள் இரண்டு சக்கரங்களும் பல்லோடு பல் கோத்து உட்கார்ந்திருப்பது தெரியும். ஒன்று எஃகு, மற்றது அலுமினியம். தண்டு ஒரு சக்கரத்தைத்தான் சுற்றுகிறது. அது தன் பல்லால் அடுத்ததைச் சுற்றுகிறது. குழியின் ஒரு பக்கம் எண்ணெய் வரும் துளை, எதிர்ப்பக்கம் போகும் துளை. எண்ணெயைத் தள்ள வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது. அசையும் உறுப்பு இரண்டே.

மலேசியாவில் வண்டிப் பட்டறை மெக்கானிக்கை ‘ஃபோர்மேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். திறந்த கியர் பம்பை முதல்முறை பார்க்கும் பையன் எவனும் ஃபோர்மேனிடம் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, எண்ணெய் நடுவுல பூந்து அந்தப் பக்கம் போயிடுது, இல்லையா?” இரண்டு சக்கரமும் நடுவில்தானே சேர்கின்றன, அங்கேதானே பிடித்துத் தள்ளுவதுபோல் தெரிகிறது. “சுத்திப் பாரு தம்பி, நடுவுல எந்தப் பக்கம் போவுதுன்னு” என்று தண்டைக் கையில் கொடுத்தால் போதும். நடுவில் பற்கள் நகரும் திசை, எண்ணெய் போகவேண்டிய திசைக்கு நேர் எதிராக இருக்கும்.

எண்ணெய் போவது வெளிப்புறமாக. வரும் துளையின் பக்கம், கோத்திருந்த பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பல் விலகியதும் அந்தப் பள்ளம் காலியாகிறது. காலியான இடத்தில் எண்ணெய் வந்து நிரம்புகிறது. நிரம்பிய பள்ளத்தைப் பல், குழியின் சுவரோரமாகவே சுமந்துகொண்டு அரைச்சுற்றுக்கு மேல் போகிறது. இடது சக்கரம் இடதுசுவர் வழியாக, வலது சக்கரம் வலதுசுவர் வழியாக. இரண்டும் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்ததும் பற்கள் மறுபடி கோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் எதிர்ச்சக்கரத்தின் பல் ஒன்று நுழைந்து, அங்கிருந்த எண்ணெயை வெளியேற்றுகிறது. கொழுந்துக்கூடையோடு சரிவின் ஓரப்பாதையில் நடந்து நிறுவைக் கொட்டகைக்கு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்: நிறைகூடை ஓரப்பாதையில் வருகிறது, கொட்டிய வெறுங்கூடை நடுப்பாதையில் திரும்புகிறது. பம்பில் அந்த நடுப்பாதையை எதிர்ச்சக்கரத்தின் பல் அடைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் திரும்பி வர அங்கே இடமில்லை.

ஆக நடுவில் நடக்கும் வேலை கதவடைப்பு. சுமக்கும் வேலை ஓரத்தில். இதைப் புரிந்துகொண்டால் கியர் பம்பின் மற்ற குணங்கள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

முதல் குணம், அளவு. ஒரு சுற்றுக்கு எத்தனை பள்ளங்கள் கடக்கின்றன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கொள்ளும் என்பது உலோகத்தில் வெட்டிய கணக்கு. சுற்றுக்கு 10 கன சென்டிமீட்டர் தரும் பம்ப், நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் 15 லிட்டர் தரும். எதிரே தடை அதிகமானாலும் குறைந்தாலும், கசிவு போக, அந்த 15 லிட்டர்தான். விசிறிபோல் சுழன்று தண்ணீரை வீசும் சாதாரணத் தண்ணீர்ப் பம்ப் அப்படியில்லை. மேலேற்ற வேண்டிய உயரம் கூடக்கூட அது தரும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, ஓர் உயரத்தில் நின்றேவிடும். இறக்கை மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கியர் பம்புக்குச் சும்மா சுற்றத் தெரியாது. வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறும், ஏறும், ஒன்று எஞ்சின் திணறி நிற்க வேண்டும், அல்லது குழாயோ தண்டோ உடைய வேண்டும். அதனால்தான் கியர் பம்ப் எங்கே இருந்தாலும் கூடவே ஒரு ரிலீஃப் வால்வு இருக்கும். லேண்ட் ரோவரில் அது பம்பின் உடம்பிலேயே இருக்கிறது: ஒரு குண்டு, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். அழுத்தம் வரம்பைத் தாண்டினால் குண்டு எழும்பி, மிஞ்சிய எண்ணெயைச் சம்ப்புக்கே திருப்பிவிடும்.

இரண்டாவது குணம் பலரைக் குழப்புவது. ‘பம்ப் அழுத்தம் கொடுக்கிறது’ என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பம்ப் கொடுப்பது ஓட்டத்தை. அழுத்தம் பிறப்பது எதிர்ப்பில். எஞ்சினில் அந்த எதிர்ப்பு, கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி. எண்ணெய் அதன் வழியாகப் பிதுங்கி வெளியேறத் திணறுவதால்தான் அழுத்தம் காட்டும் கேஜில் முள் எழுகிறது. பழைய லேண்ட் ரோவர் பலவற்றில் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான் இருக்கும். அக்கறையுள்ள உரிமையாளர்கள் தனியாக ஒரு கேஜ் வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். நன்கு சூடேறிய 2.25 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 35 முதல் 65 பவுண்டு காட்டினால் நலம். ஆனால் ரிங்லெட்டின் விடிகாலைக் குளிரில், 15 பாகை செல்சியஸில், வண்டியைக் கிளப்பிய உடனே பாருங்கள். முள் உச்சியில் நிற்கும். பம்புக்குத் திடீர் வீரியம் ஏதும் வந்துவிடவில்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டி. எஞ்சின் முழுச்சூட்டில் இருக்கும்போது இருப்பதைவிட அது பல பத்து மடங்கு கெட்டி. பேரிங் இடுக்கில் அது நுழைய மறுக்கிறது, எதிர்ப்பு ஏறுகிறது, ரிலீஃப் வால்வு திறக்கிறது.

அதனால் கேஜ் முள் இறங்கினால் உடனே பம்பைக் குறை சொல்வது நியாயமில்லை. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் எண்ணெய் தடையில்லாமல் ஓடிவிடும். புதுப் பம்ப் மாட்டினாலும் முள் எழாது. பம்ப் மாற்றக் காசு செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

ஆனால் பம்பும் தேயும். அதன் நலமெல்லாம் ஓர் இடைவெளியில் இருக்கிறது. நிறைந்த பள்ளத்தை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் எடுத்து வருவது பெரிய காரியமில்லை. கொண்டுவந்த எண்ணெய் மீண்டும் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் காரியம். நழுவ மூன்று வழிகள் உண்டு. பல்லின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று. கோத்த பற்களின் நடுவே ஒன்று. சக்கரத்தின் தட்டையான முகத்துக்கும் மூடிக்கும் நடுவே மூன்றாவது. பார்த்தால் பல் நுனிதான் பெரிய ஓட்டை என்று தோன்றும். தேய்ந்த பம்புகளில் பெரும்பாலும் அதிகம் கசிவது மூன்றாவது வழி, சக்கரத்தின் முகம்.

அதை அளப்பது எளிது. மூடியைக் கழற்றி, சக்கரங்கள் இருக்கும் குழியின் மேல் ஒரு நேர்க்கோல் தகட்டைக் குறுக்கே வைக்க வேண்டும். நேர்க்கோலுக்கும் சக்கரத்தின் முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய இதழ்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க வேண்டும். எந்த இதழ் லேசான உரசலோடு போகிறதோ அதுவே இடைவெளி. இந்த வகைப் பம்புகளில் அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒருசில பங்குகளே இருக்கலாம். ஏறத்தாழ ஒரு தாளின் கனம், 0.1 மில்லிமீட்டர். எஃகுச் சக்கரத்தைவிட அலுமினியச் சக்கரத்துக்குச் சற்றே கூடுதல் இடம் விடுவார்கள், சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும் என்பதால். மூடியின் உள்பக்கத்தில் விரலை ஓட்டினால் இன்னொன்றும் தெரியும்: சக்கரங்கள் சுழன்ற இடத்தில் இரண்டு வட்டத் தடங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் தடம் ஆழமாகிவிட்டால் மூடியின் முகத்தை மட்டமாகத் தேய்த்தெடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

ஒரு தாள் கனத்தில் இத்தனை கவலை எதற்கு? இடுக்கில் கசியும் எண்ணெயின் அளவு, இடுக்கின் அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 0.1 மில்லிமீட்டர் 0.2 ஆனால், கசிவு இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும். மூன்று மடங்கு அகன்றால் இருபத்தேழு மடங்கு. அகன்ற இடுக்கில் எண்ணெய்க்கு இடமும் அதிகம், நடுவில் ஓடும் எண்ணெய் சுவரின் பிடியிலிருந்து விலகி வேகமாகவும் ஓடுகிறது. அதோடு எண்ணெய் இளகினால் கசிவு இன்னும் கூடும்: பிசுக்குத்தன்மை பாதியானால் கசிவு இரட்டை. காலையில் நன்றாக இருந்த வண்டி, தாப்பா வரை இறங்கி மதிய வெயிலில் சுமையோடு மலையேறித் திரும்பும்போது, மெதுவாக ஓடும் நேரங்களில் விளக்கு மினுக்கினால் காரணம் இதுதான். தேய்ந்த பம்ப் குளிரில் தன் குறையை மறைத்துக்கொள்ளும், சூட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் பம்புக்கு நாலைந்து பார் அழுத்தம் போதும். அதே இரண்டு சக்கரத் தத்துவத்தைக் கொஞ்சம் நுணுக்கமாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டிப்பர் லாரியைப் பார்க்க வேண்டும். மண்ணும் கல்லும் ஏற்றிய பெட்டியை முதுகு நிமிர்த்திக் கொட்டுகிறதே, அந்த ஹைட்ராலிக் ஜாக்குக்கு எண்ணெய் அனுப்புவது பெரும்பாலும் ஒரு கியர் பம்ப்தான், கியர்பாக்ஸின் பக்கத்திலிருந்து சுழற்சி வாங்கிக்கொண்டு. 200 பார் இத்தகைய பம்புகளுக்குச் சாதாரணம். 200 பார் என்றால் எவ்வளவு? கேமரன் மலையில் வாகனம் போகும் பிரிஞ்சாங் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 2,030 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து அந்தச் சிகரம் வரை ஒரு குழாயை நிமிர்த்தித் தண்ணீர் நிரப்பினால், அடியில் இருக்கும் அழுத்தம் அது. இன்னொரு கணக்கு: 200 பாரில் தள்ளப்படும் ஒரே ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு டன் சுமையை இரண்டு மீட்டர் தூக்கும்.

ரிங்லெட் ஏரியின் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963இல் முடிந்த சுல்தான் அபூபக்கர் அணை அந்த ஏரியை உண்டாக்கியது. ஏரித் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே சுமார் 570 மீட்டர் கீழே இறங்கி, பூமிக்கடியில் உள்ள ஜோர் மின்நிலையத்தின் பெல்ட்டன் சக்கரங்களில் மோதி 100 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அந்த 570 மீட்டர் இறக்கம் தரும் அழுத்தம் 56 பார்தான். ஒரு மலையின் பக்கம் முழுக்க இறங்கி வந்த தண்ணீரைவிட மூன்றரை மடங்கு அழுத்தத்தை, ஒரு லாரியின் வயிற்றில் தொங்கும் கைப்பிடி அளவு இரும்புப் பெட்டி தருகிறது. வேறுபாடு அளவில் இருக்கிறது: அங்கே ஓர் ஆறே ஓடுகிறது, இங்கே நிமிடத்துக்குச் சில வாளி.

இவ்வளவு அழுத்தத்தில் ஒரு தாள் கன இடுக்கை விட்டுவைக்க முடியாது. எண்ணெயில் பெரும்பகுதி அதன் வழியே திரும்பிவிடும். அதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சக்கரங்களின் இரு முகத்திலும் மூடியை நேரடியாக வைக்காமல், அசையக்கூடிய தகடுகளை வைத்தார்கள். பம்ப் வெளியேற்றும் உயர் அழுத்த எண்ணெயில் ஒரு துளியை அந்தத் தகடுகளின் பின்பக்கத்துக்கு அனுப்பினார்கள். அழுத்தம் ஏற ஏற, அந்த எண்ணெயே தகட்டைச் சக்கரத்தோடு நெருக்கி இடுக்கைக் குறுக்குகிறது. அழுத்தம் குறைந்தால் தகடு தளர்ந்து, தேவையில்லாத உரசலைத் தவிர்க்கிறது. தகடு தேய்ந்தாலும் அந்தத் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. கசியத் துடிக்கும் எண்ணெயைக் கொண்டே கசிவை அடைக்கும் இந்த ஏற்பாடு இல்லையென்றால், இன்றைய டிராக்டரும் டிப்பரும் ஃபோர்க்லிஃப்டும் இவ்வளவு மலிவான பம்பில் ஓடியிருக்காது.

அதே தகடுகளில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஒரு ஜோடிப் பல் பிரியும் முன்பே அடுத்த ஜோடி கோத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் இரண்டு ஜோடிக்கு நடுவே துளி எண்ணெய் சிறைப்படுகிறது. சக்கரம் சுழலச் சுழல அந்தச் சிறை குறுகுகிறது. எண்ணெய் எளிதில் சுருங்காது. வழி விடாவிட்டால் அந்தத் துளி பேரிங்கை நொறுக்கும், பல்லைக் கடகடக்க வைக்கும். அந்தப் பள்ளம் அதற்கான தப்புவழி.

பம்பின் குரலும் பல்லிலிருந்தே வருகிறது. பத்துப் பல் சக்கரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் விநாடிக்கு 250 முறை பல் கோக்கிறது. டிப்பர் தூக்கும்போது கேட்கும் சீரான ரீங்காரம் அது. அந்த ரீங்காரம் மாறி, டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வந்தால் ஓட்டுநர் உடனே கையை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் போதுமான வேகத்தில் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். பற்கள் விலகும் இடத்தில் வெற்றிடம் உண்டாகி, எண்ணெயில் குமிழ்கள் பிறந்து, அழுத்தப் பக்கம் போனதும் உள்நோக்கி நொறுங்கி உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன.

இதில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பம்ப் எண்ணெயை ‘உறிஞ்சுகிறது’ என்கிறோம். உறிஞ்சும் சக்தி அதற்கில்லை. பல் விலகி இடம் காலியாகும்போது, தொட்டியின் மேல் அழுந்தும் காற்று மண்டலம்தான் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆகவே தள்ளுகிறவரே இங்கு கொஞ்சம் பலவீனம். கூடவே காலைக் குளிரில் எண்ணெய் கெட்டி. எண்ணெய் வரும் வழியில் பாதி அடைத்த வடிகட்டி வலையோ, வளைந்து நசுங்கிய குழாயோ கீழே சமவெளியில் சமாளித்துவிடும். இங்கே சத்தம் போடும். எஞ்சினில் பம்பை எண்ணெய்க்குள்ளேயே மூழ்கடித்து வைத்திருப்பது எவ்வளவு நல்ல முடிவு என்பது இதிலிருந்து தெரியும். கழற்றிச் சுத்தம் செய்த பம்பைத் திரும்ப மாட்டும் முன் அதற்குள் எண்ணெய் நிரப்புவதும் இதற்காகத்தான். காய்ந்த பல்லுக்கும் சுவருக்கும் நடுவே காற்று தாராளமாகக் கசியும். எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் இடுக்கு அடைபடும், முதல் சுற்றிலேயே எண்ணெய் ஏறும்.

இந்தப் பம்பை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் யோஹான்னஸ் கெப்ளர். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று உலகுக்குச் சொன்ன அதே கெப்ளர். 1600களின் தொடக்கத்தில் பிராகு நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் கணித அறிஞராக இருந்தபோது, செவ்வாயின் பாதையோடு மல்லாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வால்வே இல்லாமல் பற்சக்கரங்களால் தண்ணீர் ஏற்றும் கருவி ஒன்றை வடித்தார். அன்றைய ஐரோப்பியச் சுரங்கங்களின் தலைவலி தண்ணீர். வால்வும் தோல் அடைப்பும் கொண்ட பிஸ்டன் பம்புகள் சேற்றில் அடிக்கடி பழுதாகின. பழுதாக வால்வே இல்லாத பம்ப் என்பது எத்தனை பெரிய ஆசை!

ஆனால் தண்ணீர் அந்த யோசனைக்கு உகந்த திரவம் இல்லை. எஞ்சின் எண்ணெயோடு ஒப்பிட்டால் தண்ணீர் மிக இளகியது, இடுக்கெல்லாம் வழியும். உரசும் பற்களுக்கு மசகும் தராது, இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும். ஆயிரத்தில் ஒரு அங்குலத் துல்லியத்தில் உலோகத்தை வெட்டும் எந்திரங்களும் அன்று இல்லை. இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கழித்து, துல்லியமான கடைசல் எந்திரங்களும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்து வந்த பிறகுதான் கியர் பம்ப் தன் வேலையைக் கண்டுகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அதன் இரண்டாவது பெரிய வடிவமும் தண்ணீரிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் குடியேறிய டென்மார்க்காரர் யென்ஸ் நீல்சன், சுண்ணாம்புக்கல் குழியில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற ஒரு புதுப் பம்பைச் செய்தார். அதை வைத்து 1911இல் வைக்கிங் பம்ப் நிறுவனம் தொடங்கியது. இரண்டு சக்கரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றுக்குள் ஒன்றை வைத்தார். வெளிச்சக்கரத்துக்கு உள்நோக்கிய பற்கள். அதற்குள் மையம் விலகி உட்கார்ந்த சின்னச் சக்கரம். ஒரு பக்கம் இரண்டும் கோத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் விலகி நிற்கும். விலகிய அந்த இடத்தை நிலாப்பிறை வடிவிலான ஓர் அசையாத் துண்டு நிரப்புகிறது. எண்ணெய் பிறையின் இரு விளிம்பிலும் சுமக்கப்பட்டுப் போகிறது. இதில் நிரம்பும் வாய் அகலம், நேரம் அதிகம், உள்ளே நுழைவது இதமாக நடக்கும். அதனால் தார், வெல்லப்பாகு, சாக்லேட் போன்ற கெட்டித் திரவங்களுக்கு மெதுவாகச் சுழலும் பிறைப் பம்ப் நல்ல தேர்வு.

பிறையையும் எடுத்துவிட்டால் அடுத்த வகை. உள்சக்கரத்துக்கு நான்கு பல் என்றால் வெளிச்சக்கரத்துக்கு ஐந்து. எப்போதும் ஒன்று கூடுதல். பற்கள் கூராக இல்லாமல் உருண்டையான மேடுகளாக இருக்கும். ஒவ்வொரு மேடும் எந்த நேரமும் எதிரே உள்ள வளைவைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் பிறை தேவைப்படுவதில்லை. உள்ளது ஒரு சுற்று முடிக்கும்போது வெளியுள்ளது ஐந்தில் நான்கு சுற்றுதான் சுற்றியிருக்கும். அந்த வித்தியாசத்தில் ஒவ்வொரு அறையும் மெல்ல விரிந்து மெல்லச் சுருங்குகிறது. 1920களில் அமெரிக்கரான மைரன் ஹில் இந்த வளைவுகளின் கணிதத்தை முழுமையாக்கினார். ஜீரோட்டர் என்று அதற்குப் பெயர். தட்டையாக, சின்னதாக, கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே கோத்துவிடும்படி இருப்பதால் இன்றைய கார் எஞ்சின்களில் ஏராளமாக இருப்பது இதுதான். பழைய லேண்ட் ரோவரின் செங்குத்துத் தண்டு, கீழே தொங்கும் இரட்டைச் சக்கரம் எல்லாம் அதற்குத் தேவையில்லை. பழுதுபார்க்கும் வசதியைக் கேட்டால், நான் பழைய ஏற்பாட்டின் பக்கமே நிற்பேன்.

இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் முதல் வகையிலேயே பல்லின் வெட்டைப் பொறுத்து உட்பிரிவுகள் உண்டு. நேர்ப்பல் மலிவு, சத்தம் அதிகம். சாய்ந்த பல் மெல்ல மெல்லக் கோப்பதால் அமைதி, ஆனால் சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். இரண்டு சாய்வை எதிரெதிராகச் சேர்த்தால் தள்ளல் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், செய்யத்தான் செலவு. செய்யும் வேலைகளும் பலவகை. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்பு டீசலில் எரிகிறது என்றால், அந்த எரிப்பானிலும் விரல்நீளக் கியர் பம்ப் ஒன்று இருக்கும். டீசலைச் சுமார் 10 பாருக்கு ஏற்றி நுண்துளை வழியே புகையாகப் பீய்ச்சுவது அதன் வேலை. பாலியெஸ்டர் நூல் ஆலைகளில் உருகிய பிளாஸ்டிக்கை இழைத்துளைகளுக்கு அளந்து அனுப்புவதும் கியர் பம்பே. அங்கே அதைத் தள்ளும் கருவி என்பதைவிட அளக்கும் கருவி என்பதே பொருத்தம். நூலின் கனம் சீராக இருப்பது அதன் ஒவ்வொரு பள்ளமும் ஒரே அளவாக இருப்பதால்.

இந்தக் குடும்பத்தில் பல் தொடாத உறவினர் ஒன்றும் உண்டு, லோப் பம்ப். இரண்டு அல்லது மூன்று பெரிய இதழ்கள் கொண்ட சுழலிகள், ஒன்றையொன்று தொடாது. வெளியே தனிப் பெட்டியில் இருக்கும் பற்சக்கரங்கள் அவற்றை நேரம் தவறாமல் சுழற்றும். உலோகம் உலோகத்தோடு உரசாததால் திரவத்தில் துகள் கலக்காது, மெல்லிய பொருள் நசுங்காது, கழற்றிக் கழுவுவதும் எளிது. உணவு ஆலைகளின் விருப்பம் இது. தே தாரிக் தேநீரில் ஊற்றும் கெட்டிப்பால் டின்னுக்குள் போவதற்கு முன் இப்படியான பம்பைக் கடந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ரிங்லெட்டில் கியர் பம்பை வைக்கக் கூடாத இடம் எது என்று கேட்டால், கண்ணெதிரே இருக்கிறது. மேலே காடும் சரிவும் வெட்டப்பட்டு, மழைதோறும் மண் கரைந்து வந்து, வடிவமைத்தவர்கள் கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு வேகமாக ரிங்லெட் ஏரி தூர்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சேற்றை அள்ள எக்ஸ்கவேட்டர்களும் சேறு உறிஞ்சும் பெரிய விசிறிவகைப் பம்புகளும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. விசிறிப் பம்பில் இறக்கைக்கும் கூட்டுக்கும் நடுவே தாராளமான இடம், மணல் கடந்துபோகும். கியர் பம்பில் அதே மணல்துகள் ஒன்று பல்லுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கீறல். கீறல் அகன்று இடுக்காகும், இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. சேறு அள்ளும் எக்ஸ்கவேட்டரின் உள்ளேயே, கட்டுப்பாட்டு எண்ணெயை அனுப்பும் சின்னக் கியர் பம்ப் ஒன்று இருப்பது வழக்கம். வெளியே வண்டி முழுக்கச் சேறு. அந்தப் பம்புக்கு வரும் எண்ணெயையோ நூறில் ஒரு மில்லிமீட்டர் துகளைப் பிடிக்கும் ஃபில்டர்களால் காக்கிறார்கள். ஏரிக்கரையில் நிற்கும் வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறவர், மூடியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றி ஒட்டிய மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, புனலையும் துடைத்துவிட்டு, பிறகுதான் திறக்க வேண்டும்.